டிரஸ்டி என்ன செய்கிறார்? காட்பாடியிலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: காட்பாடி – சித்தூர் சாலை. கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி. தமிழ்நாட்டுப் பேருந்தும் ஆந்திரப் பேருந்தும் எதிரெதிரே போகின்றன.]

வணக்கம். வெளிநாட்டில் பதிவான ஒரு தொண்டு நிறுவனம். மருத்துவமும் மாற்றுத்திறனாளிகள் நலமும் அதன் வேலை. அதில் டிரஸ்டியாக இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன். நம் பக்கத்தில் டிரஸ்டி என்றாலே கல்வெட்டில் பெயர், விழாவில் மாலை என்றுதான் நினைப்பு போகும். பெரிய தொகை நன்கொடை கொடுத்தவருக்குத் தரும் மரியாதை என்றும் சிலர் நினைக்கிறார்கள். இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் அப்படி ஒரு டிரஸ்டிகள் குழுவில் இருக்கிறேன். சிறு வயதில் போலியோ வந்ததால் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) மாட்டி நடக்கிறேன். வீடு காட்பாடியில். இங்கிருந்து ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்தான். தெருவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டுத் தொண்டுப் பணம் புதிதில்லை. ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் 1955-இல் வந்தது. சித்தூர், பலமநேர், குப்பம் என்று அந்தப் பக்கத்திலிருந்தும் மக்கள் இங்கே வருகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குப் பணம் அனுப்பிய ஒவ்வொரு வெளிநாட்டு அமைப்புக்குப் பின்னாலும் ஒரு குழு இருந்தது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று அந்தக் குழுதான் முடிவு செய்தது. அந்த மேசையில் காட்பாடிக்காரரோ குப்பத்துக்காரரோ இருந்தது அபூர்வம். இனி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

[காட்சி: ஒரு கூட்ட அறை. மேசையில் தடித்த கோப்புகள்.]

முதலில் சட்டம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் பதிவான அமைப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே 2011-ஆம் ஆண்டின் தொண்டு நிறுவனச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சாரிட்டி கமிஷன் என்ற அமைப்பு மேற்பார்வை செய்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாடும் நிர்வாகமும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் சட்டப்படி டிரஸ்டிகள். சம்பளம் வாங்கும் தலைமை அதிகாரி தினசரி வேலையைப் பார்ப்பார். அவர் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் டிரஸ்டிகள், அதுவும் எல்லோரும் சேர்ந்து. "கணக்கைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார், நான் மருத்துவம் தெரிந்தவன்" என்று ஒருவர் ஒதுங்க முடியாது.

பொதுவாக இதற்குச் சம்பளம் கிடையாது. பயணச் செலவு, துணைக்கு வருபவரின் செலவு, சைகைமொழி பெயர்ப்பாளர் கட்டணம் போன்றவற்றைத் தருவார்கள். அதை வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குடிமகன் என்பதும் தடையில்லை. நேர்மைக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்று அதற்கான காலக்கெடு முடியாதவர்கள், திவாலாகி இன்னும் விடுபடாதவர்கள் போன்றோர் ஆக முடியாது.

சரி, கூட்டத்தில் என்ன நடக்கும்? ஒரு வாரத்துக்கு முன்பே கோப்பு வந்துவிடும். வரவு செலவு, திட்ட அறிக்கைகள், இடர்ப் பட்டியல், முந்தைய கூட்டத்தின் குறிப்பு. இதைப் படிப்பதுதான் பாதி வேலை. ஒருவர் கண் அறுவை சிகிச்சைக்கென்று குறிப்பிட்டுப் பணம் கொடுத்திருந்தால், அதை வேறு ஊர் ஆபீஸ் வாடகைக்கு எடுக்கக் கூடாது. வங்கியில் மொத்தமாகப் பெரிய தொகை தெரியும். அதில் பெரும்பகுதி இப்படி நோக்கம் கட்டிய பணமாக இருக்கலாம். கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும் என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

[காட்சி: எம்சிஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு தயாராகும் பட்டறை. மிருதுவான ரப்பர் தாள் வெட்டப்படுகிறது.]

இப்போது நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைக்கும் பகுதி. தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்று ஊரெல்லாம் நம்பியது. வேலூரில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட் வேறொன்றைக் காட்டினார். நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. அதன்பிறகு சூடான பாத்திரமும் காலில் தைத்த முள்ளும் தெரிவதில்லை. அப்படிக் கவனிக்காமல் விட்ட காயங்கள்தான் கையையும் காலையும் சிதைக்கின்றன. அதனால் பாதத்தைக் காக்கும் செருப்பு ஒரு மருந்துக்குச் சமம். உள்ளே மிருதுவான ரப்பர், கீழே கெட்டியான அடிப்பாகம். அதுதான் எம்சிஆர் செருப்பு.

குழுவுக்கு வரும் அறிக்கையில் எத்தனை ஜோடி கொடுத்தோம் என்ற எண் இருக்கும். மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டுவார்கள். நம் ஊரைத் தெரிந்தவருக்கு அந்த இடத்தில் வேறு கேள்வி வர வேண்டும். குடியாத்தத்தில் ஒரு அம்மா வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். சமையல், பெருக்கல், மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது எல்லாம் வெறுங்காலில். கோயிலுக்கும் வெறுங்கால். போதாததற்கு, பார்த்ததுமே இது அந்த நோய்க்காரர் செருப்பு என்று அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தால், பேருந்தில் ஏறும்போது அதைப் பைக்குள் வைத்துக்கொள்வார். கொடுத்த ஜோடியை எண்ணுவது சுலபம். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் காலில் இருக்கிறது? வீட்டுக்குள் போட ஒரு ஜோடி தனியாகத் தருகிறோமா? கடையில் விற்கும் செருப்பு மாதிரியே தைக்க முடியுமா? பாதத்தில் புதுப் புண் குறைந்ததா?

பெரிய ஆடிட்டருக்கோ ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கோ இந்தக் கேள்விகள் தோன்றாதது அவர்கள் குற்றமில்லை. அவர்கள் நோக்கம் கட்டிய பணத்தைக் கண்டுபிடிப்பார்கள், கழற்றிவிட்ட செருப்பை நாம் கண்டுபிடிப்போம். குழுவுக்கு இருவருமே வேண்டும்.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. வெளியூர்க் குழு "தென்னிந்தியத் திட்டம்" என்று ஒரே தலைப்பில் எழுதும். கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் சலுகைகள் மாறிவிடுகின்றன. ஆந்திராவில் 2024-இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை மாதம் 6,000 ரூபாயாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும், உதவித்தொகையோ குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. நகரியிலிருந்து கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பெண்ணுக்கு முகவரி மாற்றுவதிலேயே மாதக்கணக்கில் இழுக்கும். சக்கர நாற்காலிக்குப் பணம் ஒதுக்கும்போது, இப்படி முகவரி மாற்றும் மனுவை எழுதிக் கொடுக்கத் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒரு களப்பணியாளர் சம்பளத்தையும் ஒதுக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் சக்கர நாற்காலியைவிட அது பெரிய உதவி.

[காட்சி: வரைபடம். லண்டனிலிருந்து டெல்லிக்கு ஒரு அம்பு, டெல்லியிலிருந்து வேலூருக்கு இன்னொன்று.]

பணம் வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 வரை அனுமதி இருந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் கூடாது. தாலுகா அளவில் நடக்கும் சின்னச் சங்கங்களுக்குப் பெரிய அமைப்பு வழியாகப் பணம் வந்துகொண்டிருந்த பாதை இதனால் அடைபட்டுவிட்டது. வெளிநாட்டில் உட்கார்ந்து "உள்ளூர்ச் சங்கங்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள்" என்று தீர்மானம் போடும் குழுவுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இங்கே வேலை செய்யும் சங்கத்துக்கும் தனிக் குழு, தனிப் பதிவு இருக்கும். அங்குள்ள டிரஸ்டி அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. நிபந்தனையோடு பணம் தரலாம், கணக்குக் கேட்கலாம். நீங்களே இரண்டு குழுவிலும் இருந்தால்? அல்லது உங்கள் தம்பி அந்தச் சங்கத்தில் வேலை பார்த்தால்? முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டு, அந்தத் தீர்மானம் வரும்போது அறையை விட்டு எழுந்து போய்விட வேண்டும். நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வழியில் சொந்தம். அதனால் இந்த விதியை நாம் மற்றவர்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஆக்ஸ்ஃபாம் என்ற பிரிட்டன் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் ஹெய்தியில் செய்த பாலியல் முறைகேடு 2018-இல் வெளியே வந்தது. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு உதவப் போன இடத்தில் நடந்த கொடுமை அது. சாரிட்டி கமிஷன் விசாரித்து, 2019-இல் அந்த நிறுவனத்தைக் கடுமையாகக் கண்டித்தது. தொலைதூர நாட்டில் நடந்தது, எங்களுக்குத் தெரியாது என்று இனி எந்தக் குழுவும் சொல்லித் தப்ப முடியாது. அதனால் ஒரு விடுதிக்கோ சிறப்புப் பள்ளிக்கோ நம் பணம் போனால், அங்குள்ள பிள்ளை யாரிடம் புகார் சொல்லும் என்று கேளுங்கள். சுவரில் ஆங்கிலத்தில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தால் அது புகார் வழி ஆகாது. காது கேளாத பிள்ளைக்குப் போன் எதற்கு? தமிழிலும் தெலுங்கிலும், சைகையிலும் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் விடுதிப் பொறுப்பாளருக்குக் கீழே வேலை செய்பவராக இருக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கை 2006-இல் வந்தது, இந்தியா 2007-இல் ஏற்புறுதி செய்தது. நாடுகளுக்கிடையே போகும் உதவியிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று அதன் 32-ஆம் பிரிவு சொல்கிறது. பங்கு என்றால் புகைப்படத்துக்கு ஒரு நாற்காலி என்று சில இடங்களில் புரிந்துகொள்கிறார்கள். பார்வையற்றவருக்கு ஸ்கேன் செய்த கோப்பை அனுப்பினால் அவர் எப்படிப் படிப்பார்? லண்டனில் மாலை 5 மணிக் கூட்டம் என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு பத்தரை. காலை 9 மணிக்கு வைத்தால் நமக்கு மதியம் இரண்டரை. படிக்க முடிகிற கோப்பையும் நமக்கு ஒத்துவரும் நேரத்தையும் கேட்டுப் பெறுங்கள், சலுகை கேட்பதாக நினைக்காதீர்கள்.

[காட்சி: பழைய நோயாளி அட்டைகள் அடுக்கிய அலமாரி.]

டிரஸ்டியின் வேலையில் மிகக் கஷ்டமானது, ஒரு திட்டத்தை விட்டு வெளியேறும் முடிவு. தொழுநோய் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 கடைசியில் எட்டியது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். நோயே ஒழிந்தது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள், நன்கொடையாளர் கவனமும் வேறு பக்கம் போனது. ஆனால் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான். மருந்து நோயைக் குணப்படுத்தும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. அவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செருப்பும் புண் சிகிச்சையும் வேண்டும்.

என்றைக்காவது வெளியேறத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. "மூன்று ஆண்டில் முடிக்கிறோம்" என்று தாள் வரும்போது, கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. செருப்புத் தைப்பவருக்கு அதன்பிறகு யார் சம்பளம் தருவார்கள்? ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நரம்பைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, இல்லையென்றால் யார் பழக்குவது? எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நோயாளியின் அட்டை எந்த அலுவலகத்துக்குப் போகும்? இதற்கெல்லாம் பெயரும் தொகையும் தேதியும் எழுதிய பதில் வரும்வரை தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்ல ஒரு டிரஸ்டிக்கு உரிமை இருக்கிறது.

சேர விரும்புகிறவர்கள் முதலில் சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் அந்த அமைப்பின் ஆண்டறிக்கையையும் தணிக்கைக் கணக்கையும் இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது மூன்று வருடத்துக் கணக்கைப் படியுங்கள். அப்புறம் தலைவரோடு பேசும்போது, கடைசியாக எந்தத் திட்டத்தை நிறுத்தினீர்கள், அங்கிருந்த மக்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.