பீட்சா கடையில் கேட்க வேண்டிய கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் யாராவது "பேக்கரிக்குப் போலாம் வா" என்றால் டீ குடிக்கக் கூப்பிடுகிறார் என்று பொருள். கோவை, ஈரோடு, சேலம் பக்கமெல்லாம் டீக்கடைக்கே பேக்கரி என்றுதான் பெயர். என் மகனுக்கு ஏழு வயதில் சீலியாக் நோய் இருப்பது தெரிந்தபோது எனக்கு முதலில் வந்த கவலையே இதுதான். திரும்பின பக்கமெல்லாம் பேக்கரி இருக்கிற ஊரில் இவனை எந்தத் தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போவது?

பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் விரிகிறது இல்லையா, அந்த இழுவையைக் கொடுப்பது குளூட்டன் என்ற புரதம். கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் இந்த மூன்றிலும் இருக்கிறது. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமையின் பிள்ளைகள்தான். சீலியாக் உள்ளவர் குளூட்டனைச் சாப்பிட்டால் அவருடைய நோய் எதிர்ப்புச் சக்தி அவருடைய சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்ச வேண்டிய உட்சுவர் தேய்ந்து தட்டையாகிவிடும். என் மகனுக்கு வயிறு உப்பிக் கிடந்தது, கைகால் குச்சியாக இருந்தது, ரத்தசோகை வேறு. பூச்சி மருந்து மூன்று தடவை கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோப்பி. இதைக் கேட்டுவிட்டு யாருக்காவது சந்தேகம் வந்தால், பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம்.

இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் படாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வடநாட்டில் இந்த நோய் கூடுதல், அரிசி தின்னும் நம் பக்கம் குறைவு. குறைவாக இருப்பதால்தான் நமக்குச் சிக்கலே. கடைக்காரர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் நகரத்தில் ஒரு பீட்சா கடையின் மெனுவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று பார்த்தோம். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அரிசி மாவில் செய்த பேஸ் என்றார்கள், உண்மையும் அதுதான். சாப்பிட்டான். அன்று ராத்திரியே வாந்தி, இரண்டு நாள் வயிற்றோட்டம். மறுவாரம் போய் நிதானமாக விசாரித்தேன். அந்த அரிசி பேஸை ஒட்டாமல் இருக்க மைதா தூவிய மேடையில்தான் வைத்திருக்கிறார்கள். மைதா மாவு பிசைந்த கையாலேயே சீஸ் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். வெட்டியதும் எல்லாப் பீட்சாவுக்கும் ஓடுகிற அதே சக்கரக் கத்தி. யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது தப்பான கேள்வி. "இதில் கோதுமை இருக்கா?" என்று கேட்டேன். "இதை எங்கே வைத்து, எந்தக் கையால், எதை வைத்து வெட்டுவீங்க?" என்று கேட்டிருக்க வேண்டும்.

கொஞ்சூண்டு மாவு பட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சாதாரண ரொட்டி ஒரு ஸ்லைஸிலேயே குளூட்டன் கிராம் கணக்கில் இருக்கும். அடுப்புச் சூட்டில் போய்விடும் என்பதும் தப்பு. எவ்வளவு சுட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

பேக்கரியைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. மைதா மூட்டை பிரிக்கிற இடத்தில் தூசி காற்றிலேயே மிதக்கும். அங்கே குளூட்டன் இல்லாத கேக் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் நான் வாங்க மாட்டேன். ராகி பிஸ்கட்டில் ராகியைவிட மைதா கூடுதலாக இருந்ததைப் பாக்கெட்டில் படித்திருக்கிறேன். மால்ட் போட்ட பானங்களும் ஆகாது, மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. எங்கள் வீட்டில் பேக்கரி என்றால் டீ மட்டும், கூடவே உறை பிரிக்காத கடலைமிட்டாய்.

ஏற்காட்டுக்குப் போனாலும் இதே கதை. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, குளிருக்கு இதமாக. கடலை மாவு, அரிசி மாவு, ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதே எண்ணெயில்தான் பிரெட் பஜ்ஜியும் குதித்துக்கொண்டிருக்கும். மலையில் விளைகிற சாமை, ராகி எல்லாம் இவனுக்கு ஒத்துக்கொள்ளும், வாணலி ஒத்துக்கொள்ளாது.

இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்கறித் துருவலும் சட்னியும் வைத்துத் தருகிற எங்கள் ஊர் தட்டுவடை செட்டுக்கும் நான் கேள்வி கேட்பேன். அரிசி மாவுதானே என்று நினைப்பீர்கள். பெருங்காயத்தைப் பாருங்கள், கடையில் விற்கிற பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரில், ரசத்தில், ஊறுகாயில் எல்லாம் அது இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஹோட்டலில் இட்லி, தேங்காய்ச் சட்னி பெரும்பாலும் பரவாயில்லை. தோசை என்றால் அந்தக் கல்லில் சப்பாத்தியும் ரவா தோசையும் போடுகிறார்களா என்று கேட்டுவிட வேண்டும்.

எடை குறைக்க வேண்டும் என்று கோதுமையை விட்டவர்களும் 'குளூட்டன் ஃப்ரீ' கேட்கிறார்கள். பாதி பீட்சா தின்றுவிட்டு அடுத்தவர் தட்டிலிருந்து பூண்டு ரொட்டியும் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்த கடைக்காரர் நான் கேட்கும்போது சிரிக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன?

எனக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோதுமைதான் இந்த நோய்க்குக் காரணம் என்று நிறுவியவர் டிக்கே என்ற நெதர்லாந்து குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் போரால் அங்கே பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரே பட்டினி கிடக்க, இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அப்போது உறுதியானது. அதே போரால்தான் நம் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மக்காச்சோள மாவும் நின்றுபோய், சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கக் குளூட்டன் இல்லாத ரொட்டிகள் பலவற்றுக்குப் பிசுபிசுப்புக் கொடுப்பது மரவள்ளி மாவு! சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர் சாலையில் கிழங்கு லாரி போகும்போதெல்லாம் இவன், "அம்மா, என் பீட்சா போகுது" என்பான்.

இப்போது ஒரு சின்னக் கடைக்காரர் எங்களுக்குப் பழக்கம். காலையில் கடை திறந்ததும், மாவு டப்பாவைத் தொடும் முன்பே வரச் சொல்கிறார். நான் வீட்டிலிருந்து அரிசி மாவும் மரவள்ளி மாவும் கலந்த பேஸ் தட்டிக்கொண்டு போவேன். அவர் கை கழுவி, புதிதாகப் பிரித்த சீஸைப் போட்டு, தட்டில் அலுமினியத் தாள் விரித்துச் சுட்டுத் தருவார். பேஸ் என்னுடையது என்பதால் அதன் காசைக் கழிக்க வேண்டாமா என்று அவருக்கு ஒவ்வொரு முறையும் குழப்பம். பையன் பத்தாம் வகுப்பு இப்போது, கூட நண்பர்களும் வருகிறார்கள். வெட்டுகிற கத்தி மட்டும் இன்னும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது, அவன் பள்ளிப் பையில், பழைய துண்டில் சுற்றி.

நன்றி, வணக்கம்.