பறக்கிற படிப்பும் பச்சைத் தேயிலையும்

(கோத்தகிரியில் மாணவர், பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஹட்டிகள் என்கிற நம் மலைக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் ஊர்த் தலைவர்களான கவுடர்களே, இந்தக் குளிரிலும் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்ட கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைத் தலைவர் அவர்களே, மேட்டுப்பாளையம் ரோட்டின் வளைவுகளையெல்லாம் தாண்டி வந்திருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஐயா அவர்களே, பிளஸ் டூ பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொன்னாடை போர்த்தும்போது ஈடுகட்டிவிடுகிறேன்.

விமானி படிப்புக்குப் பணம் கட்டுவது எப்படி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எவ்வளவு ஆகும், எங்கிருந்து புரட்டுவது, படித்து முடித்தால் வேலை எப்படி. மூன்றுக்கும் பொதுவாக நம் பெரியவர்கள் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு 50 லட்சத்தை ஒட்டி வரும், தாண்டவும் தாண்டும். ஏர்பஸ் 320, போயிங் 737 ஓட்ட வேண்டுமென்றால் டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்துக்கான தகுதி, தனி. அதற்கும் லட்சக்கணக்கில்தான். ஹாஸ்டல், சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் நோட்டீசில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

அதனால் முதலில் மெடிக்கல், அதாவது விமானிக்கான மருத்துவப் பரிசோதனை, எடுங்கள். கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1 என்று இரண்டு படி. கண்ணோ காதோ காலை வாரிவிட்டால் அது பணம் கட்டும் முன்பே தெரியட்டும். வானிலை, நேவிகேஷன், விதிமுறைகள் என்று மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் எழுத்துத் தேர்வுகளையும் பெரிய பணம் கட்டும் முன்பே எழுதலாம். வானிலைத் தாளில் நம் பிள்ளைகளை யாரும் மிரட்ட முடியாது, மேகத்துக்குள்ளேயே வளர்ந்தவர்கள்.

மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் தள்ளுபடி என்பார்கள் பயிற்சிப் பள்ளிக்காரர்கள். மயங்காதீர்கள். எத்தனை விமானம் இன்று பறக்கிற நிலையில் இருக்கிறது, எத்தனை பயிற்றுநர்கள், கடைசியாகச் சேர்ந்த பையன் மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறான் என்று அவனிடமே கேளுங்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

சரி, கடன். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். நமக்கு என்ன சொத்து? தேயிலைத் தோட்டம்தான்.

எனக்குச் சித்தப்பா முறை ஒருவர், பக்கத்து ஹட்டிக்காரர். மகள் விமானி ஆகியே தீருவேன் என்கிறாள். தோட்டத்தைப் பார்த்து மதிப்புப் போட வங்கி அனுப்பிய வேல்யூயர் நவம்பர் மாதம், நல்ல மேகமூட்டத்தில் வந்து இறங்கினார். "தோட்டம் எங்கே?" என்றார். "நீங்க நிக்கிறதே தோட்டம்தான் சார்." "எல்லை?" "அதோ அந்த சில்வர் ஓக்." அவருக்கு மரமும் தெரியவில்லை, சித்தப்பாவின் விரலும் தெரியவில்லை. டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு சித்தப்பா மேகத்துக்குள் மறைந்துவிட்டார். "இன்னும் போகணுமா சார்?" என்று குரல் மட்டும் வருகிறது. "போங்க, போங்க." கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து வேறொரு குரல்: "யாரப்பா அது, என் தோட்டத்தை அளக்கிறது?"

அப்புறம் வீட்டில் டீ. சாக்ஸிலிருந்து அட்டைப்பூச்சியை உதறிக்கொண்டே வேல்யூயர், "பச்சை இலை கிலோ என்ன விலை போகுது?" என்றார். அந்தப் பெண் இலைச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டாள். கிலோ 20 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 50 லட்சத்துக்கு இரண்டரை லட்சம் கிலோ இலை. உரம், பறிகூலி எதையும் கழிக்காமல்! மனுஷன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

50 லட்சத்தை 11 சதவீத வட்டிக்குப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 69 ஆயிரம். படிக்கும்போது தவணை இல்லையென்றாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில் இந்தப் படிப்பும் உண்டு, வருமான வரம்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

ஆனால் பெற்றோர்களே, உதவித்தொகையும் வங்கியும் இருக்கட்டும். தேயிலைத்தூள் ஏலத்தில் போகும் விலையில் நூற்றுக்கு 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்று தேயிலை வாரியத்தின் கணக்கு இருக்கிறது. நம் கைக்கு வருவது பறிகூலிக்குக் காணுமா? (கூட்டத்தில் "காணாது, காணாது!") நம் இலையை மட்டும் யார் யாரோ அளக்கிறார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள், ஆற்றில் போடுவதற்குக்கூட நம் கையில் மிச்சமில்லையே! உற்பத்திச் செலவுக்கு மேல் ஒரு நியாய விலை நிலைக்கட்டும், இந்த மலையிலிருந்து விமானிகளை அனுப்பிக் காட்டுகிறோம்.

வேலை வாய்ப்பு என்று மூன்றாவதாக ஒன்று சொன்னேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அதை வங்கி அதிகாரி ஐயா பேசுவார். பச்சைத் தேயிலைக்கு நியாய விலை கேட்டு முதலமைச்சருக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குப் போங்கள். பிளஸ் டூ பிள்ளைகள் போட வேண்டாம், அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தால் போதும். நன்றி, வணக்கம்.