கச்சான் காலத்தில் கேட்கும் சென்னை

நடுவர் ஐயா அவர்களே, இரு அணித் தோழர்களே, மண்டபம் நிறைய வந்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தொலைதூர எப்.எம். நிலையங்களைத் தேடிப் பிடிப்பது பயனுள்ள தேடலா, வீண் பொழுதுபோக்கா என்பது இன்றைய தலைப்பு. பயனுள்ள தேடலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி ஆசிரியை அக்கா மூன்று கேள்விகளை வைத்துவிட்டு அமர்ந்தார். கைத்தொலைபேசியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சென்னை வானொலி கண்ணாடிபோலத் தெளிவாகக் கேட்கிறதே, இரைச்சலுக்குள் எதற்குத் தேட வேண்டும்? எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? இதனால் ஊருக்கு என்ன கிடைத்தது? இந்த மூன்றில் கடைசிக் கேள்விதான் கனமானது. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் நம் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை முதலில் பேசியாக வேண்டும்.

எப்.எம். ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை நடக்கிறது. அலைநீளம் ஏறத்தாழ 3 மீற்றர். சிற்றலை மேலே போய், மின்னேறிய உயர்காற்றுப் படையான அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். எப்.எம். அலை வழக்கமாக அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே அதன் எல்லை கண் எட்டும் தூரமும் அதற்குச் சற்று மேலும்தான். கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வந்துவிடும். 100 மீற்றர் கோபுரத்துக்கு 41 கிலோமீற்றர். நம் வீட்டுக் கம்பத்தில் 9 மீற்றர் உயரத்தில் அன்ரனா கட்டினால் இன்னும் 12. ஆக 53 கிலோமீற்றர். திருகோணமலையில் இருந்து காரைக்கால் ஏறக்குறைய 300 கிலோமீற்றர், சென்னை 500 கிலோமீற்றருக்கும் சற்று மேலே. கணக்குப்படி இரண்டும் இங்கே கேட்கவே கூடாது.

ஆனாலும் கேட்கிறது, ஐயா. எல்லா நாளும் இல்லை. காற்று அனுமதிக்கும் நாளில் கேட்கிறது.

கச்சான் காற்றைப் பற்றி இந்த மண்டபத்தில் யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் இழந்து, சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. கொடியில் போட்ட உடுப்பு நிமிடத்தில் காய்கிறது, உதடு வெடிக்கிறது, கிணறு வற்றுகிறது. அந்தக் காற்று உப்புவெளி, நிலாவெளிக் கரையைத் தாண்டிக் கடலுக்கு மேலே போகும்போது, கீழே குளிர்ந்த ஈரக் காற்று கடலை ஒட்டிக் கிடக்கிறது. சூடான உலர்ந்த காற்று பாரம் குறைந்தது, அது மேலே தங்கிவிடும். சட்டிக்கு மூடி போட்ட மாதிரி ஒரு நிலை. வழக்கமாக உயரம் போகப் போகக் குளிரும். இங்கே உயரம் போகச் சூடு கூடுகிறது. வெப்பத் தலைகீழ்ப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

வானொலி அலைக்கு இது பெரிய விசயம். காற்றுக்கும் அலையை வளைக்கும் ஒளிமுறிவுக் குணம் உண்டு. அது காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. சாதாரண நாளில் ஒரு கிலோமீற்றர் உயரத்துக்கு அந்த முறிவு எண் சுமார் 40 அலகு குறையும். அலை சிறிது வளையும், அவ்வளவுதான். கீழே ஈரமும் மேலே வறட்சியும் சேர்ந்து, அந்தக் குறைவு கிலோமீற்றருக்கு 157 அலகைத் தாண்டிவிட்டால், அலை பூமியின் வளைவைவிடக் கூடுதலாக வளைந்து கீழே திரும்புகிறது. கடலில் பட்டு மேலே போகிறது, மறுபடி வளைந்து இறங்குகிறது. இப்படியே அந்தக் காற்றுக் குழாய்க்குள் அடைபட்டு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடுகிறது. 3 மீற்றர் நீள அலையை அடைத்து வைக்க மெல்லிய படலம் போதாது, குழாய் நூறு, இருநூறு மீற்றராவது தடித்திருக்க வேண்டும். பலமான காற்று வீசினால் எல்லாம் கலங்கிப்போகும். மாரியில் மழையும் புயலும் அதைத் தங்க விடாது. அதனால்தான் இது அரிது. கச்சான் ஓய்ந்து கடல் அலையடங்கிக் கிடக்கும் மாலைப்பொழுதில், அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்க வேண்டிய கப்பல் உயர்ந்து தெரிவதை நம் கடற்றொழிலாளர்கள் கண்டிருப்பார்கள். ஒளியை வளைப்பதும் அலையை வளைப்பதும் ஒரே காற்றுத்தான்.

எதிரணித் தம்பி ஒருவர், "இதெல்லாம் றேடியோப் பைத்தியங்களின் கற்பனை" என்றார். தம்பி, இரண்டாம் உலகப் போரில் பம்பாயில் நிறுத்தியிருந்த 200 மெகாஹேர்ட்ஸ் ரேடார், வெயில் காலத்தில் ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்த அரேபியக் கரையைத் திரையில் காட்டியது. 1957 இல் கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் இருந்த, பொழுதுபோக்காக அலைபரப்பும் இரண்டு அமெச்சூர் வானொலிக்காரர்கள் 144 மெகாஹேர்ட்ஸில் பசிபிக் கடலுக்குக் குறுக்கே ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் தொடர்புகொண்டார்கள். இரண்டும் பதிவான வரலாறு. வரைபடத்தை எடுத்து நம் ஊரில் இருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். நம் கரையை விட்டால் மெரினா வரைக்கும் கடல்தான், இடையில் மலை இல்லை, காடு இல்லை. கடல் மேல் அமையும் குழாய்க்கு இதைவிட நல்ல பாதை எது?

இப்போது அக்காவின் முதல் கேள்விக்கு வருகிறேன். இணையத்தில் சென்னை எந்நேரமும் கேட்கிறது, உண்மை. மழை பெய்தாலும் கேட்கும், வெயில் எரித்தாலும் கேட்கும், கடலுக்கு மேல் காற்று எப்படி இருந்தாலும் கேட்கும். அதனாலேயே அது அந்தக் காற்றைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. 98.3 இல் மிர்ச்சியோ, 106.4 இல் ஹலோ எப்.எம்.மோ அன்ரனா கட்டிய வானொலியில் எழும்புகிறது என்றால், வங்கக் கடலின் மேல் இன்று வெப்பத் தலைகீழ்ப்பு பூரணமாகப் படிந்திருக்கிறது என்று பொருள். பாட்டு எங்களுக்கு ஒரு சாட்சி. விளம்பரமும் சாட்சி. நேயர் பெயர் வாசிப்பதைக்கூட வரிவிடாமல் கேட்கிறோம்.

ஏன் வரிவிடாமல் கேட்க வேண்டும்? இங்கேதான் இந்தத் தேடலின் கடினம் இருக்கிறது. ஐரோப்பாவில் கேட்பவருக்கு மொழி மாறினாலே நாடு மாறியது தெரிந்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. அக்கரையிலும் தமிழ், இக்கரையிலும் தமிழ். அங்கே ஒலிக்கும் பாட்டுத்தான் இங்கேயும் ஒலிக்கிறது. மணி சொன்னாலும் உதவாது, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். பெயரைச் சொன்னால்கூடப் போதாது. சென்னையில் 93.5 இல் ஒரு சூரியன் எப்.எம். இருக்கிறது, நம் நாட்டிலும் ஒரு சூரியன் எப்.எம். இருக்கிறது. அவசரப்பட்டு எழுதினால் பதிவு பொய்யாகிவிடும். ஆகவே விளம்பரத்தில் வரும் தெருப்பெயரைப் பிடிக்க வேண்டும், தொலைபேசி இலக்கம் எந்த நாட்டு அமைப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், துணிக்கடை தியாகராய நகரிலா வவுனியாவிலா என்று கேட்க வேண்டும். "ஆகாசவாணி" என்ற ஒரு சொல் தெளிவாக விழும்வரை பேனாவைத் தொடாமல் இருக்கப் பழக வேண்டும். கேட்டதையும் கேட்க விரும்பியதையும் பிரித்துப் பார்க்கும் இந்த ஒழுக்கத்தைப் பிள்ளைகளுக்கு எந்த வகுப்பறை இவ்வளவு மலிவாகக் கற்றுக்கொடுக்கிறது?

எப்.எம்.முக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையம் வந்தால், மத்திய அலையில் கேட்பதுபோல இரண்டும் கலந்து கேட்பதில்லை. பலமானது மற்றதை அப்படியே விழுங்கிவிடும். குழாய் ஏறி இறங்கும்போது ஒரு நிமிடம் நம் வடபகுதி நிலையம், அடுத்த நிமிடம் நாகப்பட்டினம் பக்கத்துக் குரல், மறுபடி நம்முடையது என்று மாறி மாறி வரும். முதன்முதலில் கேட்பவர் வானொலி பழுதாகிவிட்டது என்று நினைப்பார். பழுது இல்லை, அதுதான் எப்.எம். வானொலிப் பெட்டியின் இயல்பு. இந்த ஒரு குணத்தை நடுவர் ஐயா மனதில் வைத்திருக்க வேண்டும், கடைசியில் இது தேவைப்படும்.

காத்திருப்பதைப் பற்றிச் சொன்னார்கள். ஆம், காத்திருக்கிறோம், காற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம். எந்தத் திசைக் காற்று, எத்தனை மணிக்கு ஓய்ந்தது, கடல் எப்படி இருந்தது என்று எழுதி வைக்கிறோம். ஒரு பருவம் எழுதினால் அடுத்த பருவத்தில் ஊகம் பலிக்கத் தொடங்கும். செலவும் பெரிதல்ல. 100 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலை அன்ரனா ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் அலுமினியக் குழாய். வசதி இருந்தால் அதை ஒரே திசையை நோக்கிக் கேட்கும் யாகி அன்ரனா ஆக்கி வடக்கு, வடமேற்குப் பக்கம் திருப்பலாம். கணினியையே வானொலியாக்கும், அதில் செருகும் சிறிய எஸ்.டி.ஆர். கருவி இருந்தால் ஒரு அலைத்தொகுதியையே பதிவு செய்து பிறகு ஆராயலாம். ஒன்றும் இல்லாதவருக்கு மோட்டார் காரில் இருக்கும் வானொலி போதும்.

அடிக்கடி காதில் விழும் ஸ்போராடிக் ஈ பற்றியும் ஒரு வார்த்தை. எரிகல் தூசியில் இருந்து வந்த உலோக அயனிகள் 100 கிலோமீற்றர் உயரம் அளவில் மெல்லிய படையாகத் திரண்டு எப்.எம். அலையைத் திருப்பி அனுப்பும் நிகழ்வு அது. ஐரோப்பாவில் கோடைகாலத்தில் 2,000 கிலோமீற்றருக்கு அப்பால் கேட்பதெல்லாம் அதனால்தான். நமக்கு அது வாய்ப்பது கடினம். காற்றுகள் அந்த அயனிகளைத் திரட்டுவதற்குப் புவிக்காந்தப் புலம் சாய்ந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் அது கிடையாகக் கிடக்கிறது. நம் அகலக்கோட்டிலேயே கேரளக் கரையில் இருக்கும் தும்பாவை, காந்த நடுக்கோடு அவ்வழியே போகிறது என்பதற்காகத்தான் 1963 இல் இந்தியா முதல் ரொக்கெட் ஏவத் தெரிவு செய்தது. ஆக நம் செல்வம் கடல் மேல் இருக்கிறது.

இனி மூன்றாவது கேள்வி. ஊருக்கு என்ன கிடைத்தது?

1912 இல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீற்றருக்குக் குறைந்த அலைகளுக்குத் தள்ளியது. அந்த அலைகள் தூரம் போகாது, உதவாது என்பது அன்றைய எண்ணம். 1921 டிசெம்பரில் அவர்களுடைய சமிக்ஞை அத்திலாந்திக் கடலைத் தாண்டி ஸ்கொட்லாந்தில் கேட்டது. 1923 இல் இருபக்கமும் தொடர்புகொண்டார்கள். உலகச் சிற்றலை ஒலிபரப்பு முழுவதும் அதற்குப் பிறகு வந்ததுதான். ஜேர்மனியின் டொய்ச்ச வெலே வானொலி 2013 வரை நம் திருகோணமலை மண்ணில் மறுஒலிபரப்பு நிலையம் நடத்தி ஆசியா எங்கும் ஒலிபரப்பியதே, அந்த வேலைவாய்ப்பை அனுபவித்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அதன் வேர், உதவாது என்று ஒதுக்கிய அலையில் காது வைத்தவர்களிடம் இருக்கிறது.

அதெல்லாம் தூரத்துக் கதை என்றால், மூதூர், கிண்ணியா, சல்லிக் கரைக்கு வாருங்கள். நம் படகுகளில் கரையோடும் மற்றப் படகுகளோடும் பேச இருக்கும் வி.எச்.எப். வானொலிக் கருவியும் எப்.எம். முறையில்தான் பேசுகிறது. ஆபத்து அழைப்புக்கான 16 ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ். சென்னை வானொலியைக் கொண்டுவரும் அதே குழாய் இதையும் கொண்டுபோகும், இன்னும் இலகுவாகக் கொண்டுபோகும், ஏனென்றால் அலை நீளம் குறைவு. குழாய் திறந்த மாலையில் எங்கோ இருக்கும் கப்பலின் பேச்சு பக்கத்தில் நிற்பதுபோல வரும். அதைக் கேட்ட ஓர் இளைஞர், என் கருவி இவ்வளவு தூரம் எட்டுகிறது என்று நம்பி மறுநாள் ஆழ்கடலுக்குப் போனால் என்ன ஆகும்? மறுநாள் குழாய் இல்லை. எட்டுவது பழைய அடிவானம் மட்டும்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது, ஐயா. பலமானது மற்றதை விழுங்கும் என்று சொன்னேனே, அது இங்கேயும் நடக்கும். குழாய் வழியே வந்த தூரத்துப் பேச்சு ஒன்று, பக்கத்தில் பற்றரி இறங்கிய படகில் இருந்து வரும் பலவீனமான உதவிக் குரலை மூடிவிடலாம். அழைத்தவருக்குத் தன் குரல் போய்ச் சேரவில்லை என்பது தெரியாது. கேட்பவருக்கு அழைப்பு வந்ததே தெரியாது.

இன்று மாலை குழாய் திறந்திருக்கிறது என்பதை கரையில் இருந்துகொண்டு முதலில் அறிகிறவர் யார்? காரைக்கால் 100.3 இல் எழும்பியதைக் கேட்ட அந்த வானொலிக்காரர்தான். அவர் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து, "அண்ணை, இண்டைக்கு வி.எச்.எப். செற்றை நம்பாதீங்க, ஒருக்கா கூப்பிட்டுப் பதில் வரேல்லையெண்டா அலைவரிசையை மாத்திப் பாருங்க" என்று சொல்லலாம். அதற்கு ஒரு வானொலியும் ஒரு கொப்பியும் போதும். கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகள் கச்சான் காலம் முழுவதும் இப்படிக் குறித்து வைத்தால், நம் கடலின் மேல் குழாய் எந்த நாட்களில், எந்த மணிக்குத் திறக்கிறது என்ற பதிவு நம் கையிலேயே இருக்கும்.

இதை வீண் என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா என்பதை நடுவர் ஐயாவிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.