விடை மட்டும் வெளியே போகட்டும்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டைப் பக்கம் ஒரு மரக்கடை என்று வைத்துக்கொள்வோம். தடியின் சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி. சுற்றளவில் கால் பங்கு 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 10 கன அடி. இது மரம் வாங்குகிற எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். அறுவைச் சேதாரம் எத்தனை சதவீதம், லாபம் எத்தனை என்று கடைக்காரர் எக்செல்லில் போட்டு வைத்திருப்பதுதான் ரகசியம். தச்சு ஆசாரி தன் போனில் அளவைப் போட்டு விலை பார்க்க வேண்டும். அந்த ரகசியமும் வெளியே போகக்கூடாது.

ஷீட்டைப் பூட்டி அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு. ஷீட்டின் கட்டத்துக்கு, அதாவது செல்லுக்கு, ஹிட்டன் குறித்து, புரொடெக்ட் ஷீட் போட்டால் ஃபார்முலா கண்ணுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் இன்றைய எக்செல் கோப்பு, பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் ஃபார்முலா எல்லாம் வெறும் எழுத்தாக உள்ளே கிடக்கும். நீங்கள் போட்ட பூட்டும் அதில் ஒரு வரி. அந்த வரியை அழித்தால் பூட்டு போயிற்று. கூகுள் ஷீட்ஸில் பார்க்க மட்டும் அனுமதி கொடுப்பதும் இதே கதை. பார்க்கிறவர் செல்லைத் தொட்டால் ஃபார்முலா தெரியும்.

எக்செல்லை வலைச்செயலியாக, அதாவது இணையப் பக்கத்தில் இயங்கும் கணக்காக, மாற்றித் தரும் மென்பொருள்களிலும் கவனம் வேண்டும். சில, ஃபார்முலாவை பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக்கி, பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடும். கணக்கு எங்கே நடக்கிறதோ அங்கே ஃபார்முலா இருந்தே தீரும். ஒரு சோதனை சொல்கிறேன்: பக்கத்தைத் திறந்த பிறகு போனில் இணையத்தை அணைத்துவிட்டு, புது அளவு போடுங்கள். விடை வந்தால், உங்கள் கணக்கு ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

ஆகவே கணக்கு வாடிக்கையாளர் போனில் நடக்காமல், சர்வர் என்கிற தொலைவிலுள்ள கணினியில் நடக்க வேண்டும். சின்னக் கடைக்குக் கூகுள் ஷீட்ஸோடு சேர்ந்து, கூகுளின் சர்வரில் ஓடும் நிரல் வசதியான கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போதும் என்பது என் கருத்து. ஷீட்டை யாரோடும் பகிராதீர்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறந்து, டூகெட் (doGet) என்ற ஃபங்ஷனில், அதாவது நிரல் துண்டில், பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொரு ஃபங்ஷன் சுற்றளவையும் நீளத்தையும் வாங்கி, மொத்த விலையை மட்டும் திருப்பித் தரட்டும். டிப்ளாய் செய்யும்போது, அதாவது வெளியிடும்போது, வெப் ஆப் என்று தேர்ந்து, உங்கள் பெயரில் இயங்கவும், யாரும் திறக்கவும் அனுமதி கொடுங்கள். உள்வேலைக்கான ஃபங்ஷன் பெயர்கள் அடிக்கோட்டில், அதாவது அண்டர்ஸ்கோரில், முடியட்டும். அப்படி முடியாத எதையும் வெளியாள் பக்கத்திலிருந்து நேரடியாக அழைக்க முடியும். ஸ்கிரிப்டைத் திருத்தினால் புதிய பதிப்பாக மறுபடி டிப்ளாய் செய்ய வேண்டும். மறந்தால் வாடிக்கையாளருக்குப் பழைய கணக்கே ஓடும்.

அளவை ஷீட்டின் செல்லில் எழுதி, பக்கத்துச் செல்லில் விடையைப் படிக்கிற குறுக்குவழி ஆபத்து. ஒரே நேரத்தில் இரண்டு பேர் போட்டால் ஒருவர் தடிக்கு மற்றவர் விலை வரும். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் லாக் சர்வீஸ் என்ற ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வசதியை வைத்து வரிசைப்படுத்தலாம். கணக்கையே ஸ்கிரிப்டில் எழுதிவிடுவது இன்னும் நல்லது.

எழுதும்போது விலுக்கப்பில்தான், அதாவது அட்டவணையில் விலை தேடும் ஃபார்முலாவில்தான், பலர் சறுக்குகிறார்கள். அதன் நான்காவது, கடைசி இடத்தை எழுதாமலே விட்டிருந்தால், எக்செல் சரியான எண்ணை மட்டும் தேடாது. அது இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள படியை எடுக்கும். 36 அங்குலத்துக்கு ஒரு விலை, 48-க்கு ஒரு விலை என்று இருந்தால், 40 அங்குலத் தடி 36-இன் விலையில் விழும். அதையே ஸ்கிரிப்டில் சமம் என்று எழுதினால் 40-க்கு விலையே கிடைக்காது. 35, 36, 37, 47, 48, 49 என்று படி மாறும் இடங்களில் எல்லாம் பழைய ஷீட்டின் விடையோடு ஒப்பிடுங்கள். வெற்றிடம், பூஜ்யம், மைனஸ் எண் இவற்றையும் சர்வரிலேயே தடுக்க வேண்டும். பக்கத்தில் மட்டும் தடுப்பது போதாது.

இவ்வளவு செய்தாலும், ஒரே படியில் இரண்டு தடிகளின் விலையைக் கேட்டு, விலை வித்தியாசத்தைக் கன அடி வித்தியாசத்தால் வகுத்தால் கன அடிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது தெரியட்டும். சேதாரமும் லாபமும் பெருக்கலாகச் சேர்ந்திருந்தால் மொத்த விலையிலிருந்து தனித்தனியாகப் பிரிக்க முடியாது, நீங்களே விவரம் பிரித்துக் காட்டாதவரை. பழைய வாடிக்கையாளர் என்ற கட்டத்தைப் பக்கத்தில் வைத்தால், டிக் போட்டும் எடுத்தும் பார்க்கிற யாருக்கும் தள்ளுபடி தெரிந்துவிடும். அதைக் கடையில், பில் போடும்போது குறைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.