மூன்று அங்குலத்துக்கு ஒரு காவலர்

[காட்சி: கடலடியில் ஒரு கை, சிங்கி இறாலின் முதுகில் சிறிய அளவுகோலை வைக்கிறது.]

ஜூலைக் கடைசியில் அடுத்தடுத்து வரும் ஒரு புதன், ஒரு வியாழன். அமெரிக்காவின் புளோரிடாவில் இந்த இரண்டு நாளும் சிங்கி இறால் பிடிக்கும் திருவிழா. வழக்கமான பருவம் ஆகஸ்ட் 6-இல்தான் தொடங்கும். இது பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்குக் கிடைக்கும் முன்வாய்ப்பு.

தலை ஓடு 3 அங்குலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். படகில் ஏற்றி நிதானமாக அளக்க முடியாது. தண்ணீருக்குள்ளேயே அளந்து, சிறியது என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும். முட்டை சுமக்கும் இறாலை எடுக்கவே கூடாது. கடலில் வாலை முறித்து எடுத்துக்கொள்வதும் குற்றம். தலையைக் கடலில் வீசிவிட்டால் காவலர் எதை அளப்பார்?

[காட்சி: ரோந்துப் படகு ஒன்று நெருங்குகிறது.]

அளக்க வருபவர் புளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரி. பழைய அமைப்புகளை இணைத்து 1999-இல் உருவான ஆணையம் இது. ஆளுநர் நியமிக்கும் 7 ஆணையர்கள் விதிகளை வகுக்கிறார்கள். அந்த அதிகாரத்தை மாநில அரசியலமைப்பே தந்திருக்கிறது. ஆனால் விதியை மீறினால் என்ன தண்டனை என்பதைச் சட்டமன்றம்தான் முடிவு செய்யும்.

இவரைச் சாதாரண மீன்துறை ஊழியர் என்று நினைத்துவிட வேண்டாம். மாநிலம் முழுவதும் கைது செய்யும் அதிகாரம் உள்ள முழுமையான காவலர் இவர். குடித்துவிட்டுப் படகு ஓட்டுபவரைப் பிடிப்பதும், புயல் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பதும் இவர் வேலைதான்.

ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. நகரத்துப் போலீஸ்காரர் சந்திக்கும் பலரிடம் ஆயுதம் இருக்காது. காட்டில் இவர் நிறுத்தி விசாரிக்கும் வேட்டைக்காரர் கையில் பெரும்பாலும் துப்பாக்கி இருக்கும். உதவிக்கு ஆள் வர நேரமாகும். பெரும்பாலும் தனியாகத்தான் போகிறார்.

[காட்சி: இறகு வைத்த பெண்கள் தொப்பி, பழைய புகைப்படம்.]

இது புதிய கதையல்ல. இந்த ஆணையம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1902-இல், தென் புளோரிடாவில் வெண்கொக்குகளைக் காக்கக் காவலராக நியமிக்கப்பட்டவர் கை பிராட்லி. தொப்பிக்கான கொக்கிறகு அப்போது தங்கத்தைவிட விலை போனது. கூடு கட்டும் காலத்தில்தான் அந்த இறகு முளைக்கும் என்பதால், தாய்ப் பறவையைச் சுட்டால் குஞ்சுகளும் பட்டினியில் சாகும். 1905 ஜூலை 8 அன்று, பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தவர்களைத் தடுக்கத் தனியாகப் படகில் போனார். திரும்பவில்லை.

பிராட்லியைச் சுட்டுக் கொன்றவர் தானே போய்ச் சரணடைந்தார். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். அவர்மீது குற்றம்சாட்ட நடுவர் குழு மறுத்துவிட்டது.

தொப்பிகள் விற்ற நியூயார்க் மாநிலம், அந்த இறகு வணிகத்துக்கு 1910-இல் தடை போட்டது.