சப்ஸ்கிரைபுக்குள் சப்ஸ்கிரைப் வேண்டாம்: ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் ஒன்றை நம்பி ஒன்று

[திரை: தேடல் பெட்டி, அதில் வாடிக்கையாளர் எண்]

குரல்: ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்பது நேரம் கழித்து வந்துசேரும் தரவைக் கையாளும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. எண்ணைத் தட்டினால் சர்வர் வாடிக்கையாளர் விவரத்தைத் தரும். அதிலுள்ள கணக்கு எண் தெரிந்தால்தான் ஆர்டர்களைக் கேட்க முடியும். பலர் உடனே, பதிலைப் பெற எழுதிய முதல் சப்ஸ்கிரைபுக்குள் இன்னொரு சப்ஸ்கிரைப் எழுதிவிடுவார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் வெளியே அன்சப்ஸ்கிரைப் செய்தாலும் உள்ளே ஓடுவது நிற்காது. உள்ளே வெடிக்கும் பிழை வெளியே பிழையைப் பிடிக்க வைத்திருக்கும் கேட்ச்எரரை எட்டவே எட்டாது.

மதிப்பை மாற்றித் தரும் வெறும் மேப் போட்டால் இன்னும் மோசம். அப்சர்வபிளுக்குள், அதாவது மதிப்புகளை அனுப்பும் ஸ்ட்ரீமுக்குள், இன்னொரு அப்சர்வபிள்தான் கிடைக்கும். அதை யாரும் சப்ஸ்கிரைப் செய்யாததால் அழைப்பே போகாது, பிழைச்செய்தியும் வராது.

[திரை: நான்கு ஆபரேட்டர்களின் பெயர்கள்]

குரல்: முதல் வேலை முடியுமுன் அடுத்தது வந்தால் என்ன செய்ய வேண்டும்? எந்த ஆபரேட்டரை, அதாவது ஸ்ட்ரீமைக் கையாளும் எந்தச் செயல்பாட்டை, எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். பழையதைக் கைவிடலாம் என்றால் ஸ்விட்ச்மேப். தேடலுக்கு இதுவே சரி. வரிசை முக்கியமென்றால் கான்கேட்மேப். வரிசை பற்றிக் கவலையில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டும் மெர்ஜ்மேப். அதில் எத்தனை ஒரே நேரத்தில் ஓடலாம் என்று இரண்டாவது ஆர்கியுமென்டில் சொல்லாவிட்டால் வரம்பே இருக்காது. லாகின் பட்டனை இருமுறை அழுத்துபவர்களுக்கு, முதலாவது முடியும்வரை புதியதைப் புறக்கணிக்கும் எக்ஸாஸ்ட்மேப்.

சேமிக்கும் வேலைக்கு ஸ்விட்ச்மேப் போடாதீர்கள். பிரவுசர் கோரிக்கையை ரத்து செய்தாலும், சர்வர் அதை ஏற்கெனவே எழுதி முடித்திருக்கலாம்.

[திரை: டிபவுன்ஸ்டைம் 300 (தட்டுவது 300 மில்லிவினாடி நின்ற பிறகே அனுப்பும்), ஸ்விட்ச்மேப், அதனுள்ளே இன்னொரு பைப் (ஆபரேட்டர்களைக் கோர்க்கும் வரிசை)]

குரல்: அதிகம் சறுக்குவது கேட்ச்எரரை வைக்கும் இடத்தில். வெளி பைப்பின் கடைசியில் வைத்தால் முதல் பிழையிலேயே மொத்த ஸ்ட்ரீமும் முடிந்துவிடும். பயனர் அடுத்த எண்ணைத் தட்டிக்கொண்டே இருப்பார், எதுவும் நடக்காது. கன்சோலும் சுத்தமாக இருக்கும், பிழையைத்தான் விழுங்கிவிட்டோமே! ஆகவே ஸ்விட்ச்மேப்புக்கு உள்ளே, உள் அழைப்பின் பைப்பில் வையுங்கள். மறுபடி முயலும் ரீட்ரை வேண்டுமானால் கேட்ச்எரருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் அதற்குப் பிழையே தெரியாது. ரீட்ரைக்குக் கவுன்ட் 2 என்று கொடுத்தால் மொத்தம் மூன்று முயற்சிகள்.

வாடிக்கையாளர் விவரம், ஆர்டர் இரண்டுமே கடைசியில் வேண்டுமா? வெளியே ஒரு வேரியபிளில் ஒளித்து வைக்க வேண்டாம். ஆர்டர் அழைப்பின் பைப்பிலேயே மேப் போட்டு இரண்டையும் ஒரே ஆப்ஜெக்டாக்குங்கள்.

[திரை: நிற்காமல் சுழலும் லோடிங் வட்டம்]

குரல்: ஒவ்வொரு ஆர்டருக்கும் டெலிவரி நிலை கேட்க, எல்லா அழைப்புகளும் முடிந்ததும் பதில்களைச் சேர்த்துத் தரும் ஃபோர்க்ஜாயின் வசதிதான். ஆனால் ஆர்டரே இல்லாதவர் வந்தால்? காலி அரேயைக் கொடுத்தால் ஃபோர்க்ஜாயின் எந்த மதிப்பும் தராமல் முடிந்துவிடும். மதிப்பைப் பெறும் நெக்ஸ்ட் ஓடாது, வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். நீளம் 0 என்றால், கொடுத்ததை அப்படியே அனுப்பும் ஆஃப் மூலம் காலி அரேயைத் திருப்பிவிடுங்கள்.

பக்கத்தை விட்டு வெளியேறும்போது எல்லாம் நிற்க, குறித்த சிக்னல் வந்ததும் ஸ்ட்ரீமை நிறுத்தும் டேக்அன்டில் போடுவீர்கள். அது ஸ்விட்ச்மேப்புக்கு முன்னால் இருந்தால் புதிய எண்கள் மட்டுமே நிற்கும், ஏற்கெனவே கிளம்பிய உள் அழைப்பு ஓடும். அதனால் அதைப் பைப்பின் கடைசி வரியில் வையுங்கள்.