பாறையை விட்டு வந்தவர்கள்

வணக்கம். அயர்லாந்து என்றால் உங்களுக்கு மழையும் பச்சைப் புல்வெளியும் ஞாபகம் வரலாம். எனக்கு ரா காரின் என்ற ஊர்தான் ஞாபகம் வரும். ஆங்கிலத்தில் ராத்கேர்ன் என்பார்கள். மீத் மாவட்டத்தில், டப்ளினிலிருந்து காரில் ஒரு மணி நேரம். சுற்றிலும் எல்லோரும் ஆங்கிலம் பேச, நடுவில் இந்த ஊர் மட்டும் ஐரிஷ் பேசுகிறது.

ஆனால் அது அந்த இடத்து ஐரிஷ் இல்லை. தீவின் மேற்குக் கரையில் கொனமாரா இருக்கிறதே, அங்கிருந்து 1935-இல் 27 குடும்பங்களை அரசாங்கம் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. கொனமாராவில் நிலம் என்று சொல்வதே அதிகம். பாறைமேல் கடற்பாசியும் மணலும் சுமந்து கொட்டி, அந்த மண்ணில்தான் உருளைக்கிழங்கு போடுவார்கள். மீத்திலோ மாடு கொழுக்கும் மண். பெரிய பண்ணைகளை நில ஆணையம் வாங்கிப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு வீடு, சுமார் 22 ஏக்கர், ஒரு பெண்பன்றி, குட்டிகள், கொஞ்சம் கருவிகள் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, கேட்டு வாங்கினார்கள். மார்ட்டீன் ஓ கைன் என்ற எழுத்தாளர் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர். கொனமாராவிலிருந்து டப்ளின் வரை சைக்கிள் மிதித்துப் போய்க் கேட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் ஒரு பட்டாவுக்கு அலைந்தவர்களுக்கு அது புரியும்!

எங்களுக்குக் கிடைக்க வேண்டிய நிலம் இவர்களுக்கா என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. அதையும் தாண்டி மொழி எப்படி நின்றது? இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பாலி கிப் என்று இன்னொரு குடியிருப்பு, 1937-இல் வந்தது. அங்கே கெர்ரி, மேயோ, டொனகால் என்று பல மூலைகளிலிருந்து ஆட்களைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவர் ஐரிஷும் ஒவ்வொரு மாதிரி. ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தால் மனுஷன் என்ன செய்வான்? ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். அங்கே மொழி மெல்ல மெல்லத் தேய்ந்தது. ரா காரினில் எல்லோரும் கொனமாராக்காரர்கள், பேச்சு ஒன்று, பகடி ஒன்று, சண்டைகூட ஒரே வழக்கில்தான். வேலியோரம் நின்று பேச ஆள் இருந்ததால்தான் மொழி நின்றது என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் மெஹல். நம்மூரில் நாற்று நடவுக்கு முறைவைத்து ஆள் மாற்றிக்கொள்வது போல, வைக்கோல் சேர்க்கவும், அடுப்பெரிக்கும் பீட் என்ற மட்கிய மண்ணைச் சதுப்பு நிலத்தில் வெட்டவும் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். அந்த வழக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். ஊர் ஐரிஷ் பகுதி என்று அரசு ஒப்புக்கொள்ள 1967 வரை ஆயிற்று. முப்பத்திரண்டு வருஷம்! 1973-இல் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும், கோடையில் ஐரிஷ் கற்க வந்து தங்கும் பிள்ளைகளைப் பற்றியும் நிறைய எழுதி வைத்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் தம்பி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிஷம்தானாம். சரி, பாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஷான் நோஸ் என்பது பக்கவாத்தியமே இல்லாத பழைய பாட்டு. ஒரு சாயங்காலம் ஒரு முதியவர் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து, கிணற்று ராட்டினத்தைச் சுற்றுவது போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். கேட்கிறவர்கள் நடுநடுவே நம் கச்சேரியில் 'பலே' சொல்வது மாதிரி ஏதோ சொன்னார்கள். கடைசியில் அவர் சட்டென்று ஒரு வரியை, பாடாமல், சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார். நான் அடுத்த சரணத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் எழுந்து தேநீர் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டார். பாட்டு முடிந்தால் அப்படித்தானாம், கடைசி வரியைப் பேசிவிடுவார்களாம்.